மலர்க்கொடி ஏட்டை மூடிய நாள்

மலேசியாவின் ஜாசின் வட்டாரத்தில் ஒரு தமிழர் வீட்டில் சாவு நேர்ந்தால், பந்தல்காரருக்குச் சொல்லியனுப்பும்போதே மலர்க்கொடிக்கும் சொல்லியனுப்பிவிடுவார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் பையில் நீல அட்டை போட்ட நோட்டுப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு வருவார். சடலத்தின் தலைமாட்டில் பாய் விரித்து அமர்வார். யோகத்தையும் ஆன்மாவின் இயல்பையும் சொல்லும் பழைய உபநிடதம் ஒன்றின் தமிழுரை அந்த நோட்டில் கையெழுத்தாக இருந்தது. அதை அவர் 'ஏடு' என்றே சொல்வார். நாற்பது நிமிடம் படிப்பார். இடையிடையே மூச்சு வாங்கும், நிறுத்துவார், மறுபடியும் தொடர்வார். அவர் படித்து முடிக்கும்போது மார்பில் அடித்துக்கொண்டு அழுதவர்கள்கூடச் சுவரில் சாய்ந்து அமைதியாக இருப்பார்கள்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக இது நடந்துவந்தது. இதற்காக அவர் யாரிடமும் எதையும் பெற்றுக்கொண்டதில்லை. ஒரு குவளைத் தேநீரைத் தவிர.

அந்த ஏடு அவரிடம் வந்த வரலாற்றை முதலில் சொல்ல வேண்டும்.

மலர்க்கொடி சுங்கை ரம்பாய்ச் சாலையை ஒட்டியிருந்த ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். கணவர் திருச்செல்வம் அதே தோட்டத்தில் குலை வெட்டுபவர். உயரமான மரங்களில் குலையை அறுக்க, நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொள்வார்கள். அவர் குலை வெட்டிய மர நிரையின் மேலே ஒரு மின்கம்பி சென்றது. மழைக்காலத்தில் ஒரு தூண் சாய்ந்ததால் கம்பி தொய்ந்து தொங்கியது. தொழிலாளர்கள் அலுவலகத்தில் இரண்டு முறை சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை.

ஒரு நாள் முற்பகலில் திருச்செல்வத்தின் கம்பு அந்தக் கம்பியில் பட்டது.

மலர்க்கொடிக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. மருத்துவமனைக்கு அவரை அழைத்துச் சென்றவர் தோட்டத்துக் கிராணி தங்கராஜு. கிராணி என்றால் தோட்டத்து அலுவலக எழுத்தர். துரைக்கு அடுத்தபடியாக எல்லாரும் எழுந்து நின்று வணங்கும் மனிதர். தங்கராஜு பக்தி மிக்கவர். வெண்கலக் குரல் படைத்தவர். அவர் மலர்க்கொடியின் அருகில் அமர்ந்து, "ஒடம்ப அறுத்துப் பாக்கணும்னு சொல்றாங்கம்மா. வெயில்ல மயங்கி விழுந்தாருன்னு எழுதிக் குடுத்துட்டா அறுக்காம குடுத்துடுவாங்க. மூணு மணிக்குள்ள வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்" என்றார். பிறகு தம் பையிலிருந்து ஏட்டை எடுத்து, ஆன்மாவைப் பற்றிய பகுதியைப் படித்தார். முடித்துவிட்டு, "ஆன்மாவ யாரும் கொல்ல முடியாது. அதனால யாரும் கொல்லலம்மா. மனச அமைதியா வச்சுக்க" என்றார்.

மலர்க்கொடி கையெழுத்திட்டார்.

வீட்டில் சடலத்தைக் குளிப்பாட்டுமுன் அவர் கணவரின் வலக்கையைப் பற்றினார். உள்ளங்கை குறுக்காகக் கருகியிருந்தது. கம்பைப் பிடித்த இடம் அது. அவர் அதைப் பார்த்தார், விரல்களை மடக்கி மூடினார்.

பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்த தங்கராஜுவிடம் அவரே அந்த ஏட்டைக் கேட்டு வாங்கினார். அந்த வரிகளின் ஓசை காதை விட்டுப் போகவில்லை என்றார். அது பொய்யன்று. அதன்பின் இருபது ஆண்டுகள் அவர் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்தார். முதுகில் பம்பைச் சுமந்து நிரை நிரையாக நடக்கும்போது, அந்த வரிகளைச் சொல்லிக்கொண்டே மூச்சை எண்ணுவார். 'கண்ணுக்குப் பின்னிருந்து காண்பது எதுவோ, மூச்சை ஓட்டித் தான் மூச்சாகாதது எதுவோ, அது நீ' என்று உரையில் ஓரிடம் வரும். அந்த இடத்தில் தமக்கு முதுகின் பாரம் தெரியாமற்போகும் என்று அவர் என்னிடம் கூறியதுண்டு. மூச்சை ஆளக் கற்பிக்கும் ஒரு நூலைச் சொல்லிக்கொண்டே அவர் நஞ்சை மூச்சாக இழுத்துக்கொண்டிருந்தார். முகமூடி தரப்படவில்லை. 'மருந்து' என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். இன்று நான்கு படி ஏறினால் அவருக்கு இரைக்கிறது.

திருச்செல்வம் இறந்து பதினான்கு மாதம் கழித்து, அதே நிரையில், அதே கம்பியில், மாயாண்டி என்பவர் அடிபட்டு இறந்தார். இம்முறை பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், மறைக்க முடியவில்லை. மறு வாரமே ஆள் வந்து தூணை நிமிர்த்திக் கம்பியை இழுத்துக் கட்டினார்கள். அதற்கு ஒரு காலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு காலைப்பொழுது!

மாயாண்டியின் சாவு வீட்டில் படிக்கும்படி தங்கராஜு கேட்டுக்கொண்டார். மலர்க்கொடி முதன்முதலாக ஏட்டை விரித்துப் படித்தது அங்கேதான். பாதி படித்துக்கொண்டிருக்கையில் மாயாண்டியின் மனைவி பெத்தம்மாள் தலையை நிமிர்த்தி, "மலரு, ஒம் புருசன் எப்படிடி செத்தாரு?" என்று கேட்டார்.

மலர்க்கொடி அடுத்த வரியைப் படித்தார்.

தோட்டம் விற்கப்பட்டபின் அவர் ஜாசினுக்குக் குடிவந்தார். எங்கள் தாமான் குடியிருப்பில் எனக்கு எதிர் வீடு. பத்து பெரண்டாம் என்னும் ஊரில் ஒரு தொழிற்சாலையைக் கூட்டிப் பெருக்கும் வேலைக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போய்வந்தார். ஓய்வுபெற்றார். சாவு வீடுகளில் படிப்பதை மட்டும் விடவில்லை. பெத்தம்மாளின் கேள்வியைப் பற்றி அவர் யாரிடமும் பேசியதில்லை. சென்ற ஆண்டு ஒரு புதன்கிழமை வரை எனக்கும் அது தெரியாது.

அந்தப் புதன்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வீட்டு வாசலில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. இறங்கியவர் கோகுலராஜ். செம்பனை ஆலைகளுக்கு ஒப்பந்தத்தில் ஆள் அனுப்புபவர். ஊர்க் கோவில் நிர்வாகத்தின் தலைவர். எளியவர் வீட்டுச் சாவுக்குப் பந்தலும் நாற்காலியும் அனுப்புவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதை நான் மறுக்கமாட்டேன்.

"மலரக்கா, ஒரு ஒதவி" என்றார். கண்கள் உண்மையாகவே சிவந்திருந்தன. "நம்ம சுசீலா மகன் தினேஸ் போயிட்டான்கா. நேத்து சாயங்காலம் ஆலையில. பெரிய ஆஸ்பத்திரி சவக்கிடங்குல வச்சிருக்காங்க. அவங்கம்மா அழுவுறத பாக்க முடியல. நீங்க வந்து அந்த ஆன்மா பகுதிய படிச்சா கொஞ்சம் அடங்குவாங்க."

சுசீலா பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமையல் வேலை செய்பவர், கணவர் இல்லை. ஒரே மகன் தினேஸ்வரனுக்கு இருபத்து மூன்று வயது. கோகுலராஜின் ஒப்பந்தத்தில் ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

"என்ன ஆச்சு தம்பி அவனுக்கு?" என்று மலர்க்கொடி கேட்டார்.

"எண்ணெய்த் தொட்டியில போன் விழுந்துருச்சுன்னு எறங்கிருக்கான்கா, யார்கிட்டயும் சொல்லாம. நெஞ்சு வலி வந்துருக்கு. சின்ன வயசுலயே அவனுக்கு இழுப்பு நோய் உண்டாமே. விதி லா. ஏட்ட எடுத்துக்கிட்டீங்களாக்கா?"

கார் கதவைத் திறக்கும்போது மறுபடியும் கேட்டார்: "ஏட்ட எடுத்துக்கிட்டீங்கதான?"

மலர்க்கொடிக்கு மூச்சிரைப்பு உண்டென்பதால் நானும் உடன் சென்றேன்.

மலாக்கா மருத்துவமனையின் பின்புறத்தில், சவக்கிடங்குக்கு வெளியே, சுவரோரமாக இரும்பு நாற்காலிகள் வரிசையாகப் பொருத்தப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் சுசீலா அமர்ந்திருந்தார். முதல் நாள் மாலை வேலைக்குக் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்கவில்லை. மடியில் ஒரு தெளிந்த பிளாஸ்டிக் பை. பக்கத்தில் அவருடைய அண்ணன் ஷங்கர் நின்றிருந்தார், லாரி ஓட்டுபவர். எதிரே ஒரு மலாய்க்காரப் போலீஸ் சார்ஜன், கையில் கோப்புடன்.

சார்ஜன் பொறுமையானவர். மலாய் மொழியில் மெதுவாக, இருமுறை விளக்கினார். சடலத்தை அறுத்து ஆய்வு செய்வதற்குப் பன்னிரண்டு மணிக்கு மருத்துவர் வருகிறார். நோயினால் நேர்ந்த சாவு, ஆய்வு வேண்டாம் என்று தாயார் எழுதித் தந்தால், அவர் தம் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்ப்பார்; ஒத்துக்கொண்டால் இன்றே சடலத்தை எடுத்துச் செல்லலாம். எழுதித் தராவிட்டால் ஆய்வு நடக்கும். "புவான், நீங்கதான் முடிவு செய்யணும். நான் அவசரப்படுத்தல" என்று கூறிவிட்டுச் சற்றுத் தள்ளி நின்றார்.

கடிதம் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. கோகுலராஜின் சட்டைப் பையிலிருந்து வெளிவந்தது. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

"எழுதிக் குடுத்துடு சுசீலா" என்றார் ஷங்கர். அவர் கெட்டவர் அல்லர், உடைந்துபோயிருந்தார். "நான் தாய்மாமன். அவன குளிப்பாட்டப் போறது நான்தான். கழுத்துலேர்ந்து வயிறு வரைக்கும் தையல் போட்ட ஒடம்ப நான் எப்படி தேய்ச்சுக் குளிப்பாட்டுவேன்? அறுத்த ஒடம்பு ஆத்மா அலையும்னு அம்மா சொல்லுமே, மறந்துட்டியா?"

"அண்ணே, அந்தப் பவன் நேத்து போன் பண்ணான்ணே" என்றார் சுசீலா. பவன் என்பவன் தினேஸ்வரனோடு வேலை செய்தவன். "தொட்டிக்குள்ள காத்தே இல்லக்கான்னான். காத்து பாக்குற மிஷின் கேட்டாங்களாம், தரலயாம். எறங்கு எறங்குன்னு சொன்னாங்களாம்."

"அவன் பயத்துல ஒளர்றான்மா. இப்ப போன் பண்ணிப் பாரு, எடுக்க மாட்டான்" என்றார் கோகுலராஜ்.

அது உண்மை. பவன் அதன்பின் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று விளக்க வேண்டியதில்லை.

சுசீலா முகத்தைப் பொத்திக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே. காத்து இல்லாம செத்தானா, நோயில செத்தானான்னு தெரிஞ்சுக்கணும்னும் இருக்கு. கத்தி வைக்க வேணாம்னும் இருக்கு. அவனுக்கு ஊசின்னாலே பயம்" என்று அரற்றினார்.

கோகுலராஜ் மலர்க்கொடியைப் பார்த்துத் தலையசைத்தார். "படிங்கக்கா."

மலர்க்கொடி நாற்காலியில் அமரவில்லை. சிமெண்டுத் தரையில், சுசீலாவின் காலடியில் அமர்ந்தார். ஏட்டை விரித்துப் படித்தார். எத்தனையோ வீடுகளில் அந்தப் பகுதியை அவர் படிக்கக் கேட்டிருக்கிறேன். அன்று படித்ததுபோல் என்றும் படித்ததில்லை. ஆன்மா பிறப்பதில்லை, இறப்பதில்லை. தீ அதனை எரிக்காது, நீர் அதனை நனைக்காது, எந்தக் கூர்மையும் அதனை அறுக்காது. இரைப்பு வந்தபோது நிறுத்தினார். அந்த மௌனத்தில் சவக்கிடங்கின் குளிர்ப்பெட்டி இயந்திரம் உறுமும் ஓசை கேட்டது. மறுபடியும் தொடர்ந்தார்.

சுசீலாவின் அழுகை தணிந்தது. தோள்கள் தாழ்ந்தன. எப்போதும் நடப்பதுதான்.

கோகுலராஜ் குனிந்து, கடிதத்தைச் சுசீலாவின் மடியிலிருந்த பையின்மேல் வைத்தார். பேனாவை அவர் விரல்களுக்கிடையில் செருகினார். கனிந்த குரலில், "கேட்டியாம்மா? ஆன்மாவ யாரும் கொல்ல முடியாது. அதனால யாரும் கொல்லல. மனச அமைதியா வச்சுக்க" என்றார்.

மலர்க்கொடியின் முகம் மாறியதை நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். இருபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் கிராணி தங்கராஜு சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. கோகுலராஜ் தங்கராஜுவைக் கண்டதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதுமில்லை. இத்தகையோர்க்கு இது தானாகவே வாய்த்துவிடுகிறது.

மலர்க்கொடி ஏட்டை மூடினார். மெதுவாகத்தான் மூடினார். பிறகு சுசீலாவின் கையிலிருந்த பேனாவை எடுத்துத் தரையில் வைத்தார்.

"தம்பி, அந்தத் தொட்டி எவ்வளவு ஆழம்?"

"என்னக்கா?"

"தொட்டி. எவ்வளவு ஆழம்?"

"ஒரு… பன்னெண்டு அடி இருக்கும். இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?"

"எறங்குறதுக்கு முன்ன காத்து பாத்தாங்களா?"

"அவன் யார்கிட்டயும் சொல்லாம எறங்கிட்டான்னு சொன்னேனேக்கா. போன் எடுக்க."

"போன் எங்க?"

பதில் சுசீலாவின் மடியிலிருந்து வந்தது. அவர் அந்தத் தெளிந்த பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டினார். அதற்குள் ஒரு பணப்பை, மோட்டார் சைக்கிள் சாவி, ஒரு கைப்பேசி. எண்ணெய்க் கறை ஒரு துளிகூட இல்லை.

"போலீஸ் குடுத்துச்சுக்கா, லாக்கர்ல இருந்துச்சுன்னு" என்றார் சுசீலா. சொல்லி முடித்தபின்தான் தாம் சொன்னது என்னவென்று அவருக்கே விளங்கியது. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோகுலராஜை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை இதற்குமேல் விவரிக்க என்னிடம் தமிழ் இல்லை.

"எனக்குச் சொன்னத நான் சொன்னேன்மா. நான் அங்க இல்லல்ல?" என்றார் கோகுலராஜ். "அக்கா, ஒங்கள படிக்கத்தான் கூப்பிட்டேன்."

"ஆமா தம்பி. படிச்சிட்டேன்."

"பெறகு ஏன் இந்த வெசாரணையெல்லாம்? ஒங்க ஏட்டுல இதெல்லாமா எழுதிருக்கு?"

மலர்க்கொடி எழுந்தார். எழுவதற்குள் இரைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உரத்துப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் அவர் உரத்துப் பேசவில்லை. ஆனாலும் தள்ளி நின்ற சார்ஜன் திரும்பிப் பார்த்தார்.

"எழுதிருக்குறத சொல்றேன் கேளுங்க. கத்தி ஆன்மாவ அறுக்காதுன்னு எழுதிருக்கு. இருவத்தெட்டு வருசமா ஊர் ஊரா படிச்சிருக்கேன். ஒரு நாளும் எனக்கே ஒறைக்கல. கத்தி அறுக்காதுன்னா, நாம எதுக்குக் கத்திக்குப் பயப்படுறோம்? ஷங்கரு, ஒங்க தங்கச்சி மகன் ஆத்மா தையல் போட்டா அலையாது. இந்த ஏடு நெசம்னா அலையாது. ஏடு பொய்யின்னா, தம்பி கோகுலு, என்ன எதுக்குக் கார் வச்சுக் கூட்டிட்டு வந்தீங்க?"

பிறகு அவர் சுசீலாவின் பக்கம் திரும்பினார். திருச்செல்வத்தின் கதையை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். தொய்ந்த கம்பி, கிராணியின் குரல், மூன்று மணிக்குள் வீட்டுக்குப் போகலாம் என்ற சொல், தாம் போட்ட கையெழுத்து, குளிப்பாட்டுமுன் மடக்கி மூடிய கருகிய உள்ளங்கை. ஒன்றையும் விடவில்லை.

"அன்னைக்கு அறுத்திருந்தா கம்பியாலன்னு தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சிருந்தா மறுநாளே கம்பிய ஏத்திக் கட்டிருப்பாங்க. நான் கையெழுத்து வச்சேன். பதினாலு மாசம் கழிச்சு மாயாண்டி அண்ணன் செத்தாரு. அவர் வீட்டுல போயி நான் இதே ஏட்ட படிச்சேன் சுசீலா. அவங்க பொண்டாட்டி கேட்டாங்க, ஒம் புருசன் எப்படிடி செத்தாருன்னு. நான் பதில் சொல்லல. படிச்சுக்கிட்டே இருந்தேன்."

ஷங்கர் சுவரில் நெற்றியை முட்டியவாறு நின்றார்.

சுசீலா பையின் மேலாகக் கைப்பேசியைத் தடவினார். பிறகு ஒரு சிறுமியைப்போல் கேட்டார்: "அறுத்தா அவனுக்கு வலிக்காதாக்கா?"

ஏட்டில் இதற்கு விடை உண்டு. மலர்க்கொடி ஏட்டைத் திறக்கவில்லை.

"வலிக்கும்மா. ஒனக்கு வலிக்கும். சாவுற வரைக்கும் வலிக்கும். அவனுக்கு இல்ல."

சுசீலா கடிதத்தை எடுத்தார். கிழிக்கவில்லை, அவர் அப்படிப்பட்டவர் அல்லர். இரண்டாக மடித்து, கோகுலராஜின் பக்கம் நீட்டினார். அவர் வாங்கிக்கொள்ளாததால் பக்கத்து நாற்காலியில் வைத்தார். பிறகு எழுந்து சார்ஜனிடம் போய், உடைந்த மலாயில், "வெட்டிப் பாருங்க. நான் சம்மதிக்கிறேன். எம் மகனோட போனையும் எழுதிக்குங்க, எங்க இருந்துச்சுன்னு" என்றார். சார்ஜன் கோப்பைத் திறந்து எழுதினார். அப்போது மணி பதினொன்றே கால்.

கோகுலராஜ் கடிதத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எங்களைக் கடக்கும்போது நின்றார்.

"இனிமே யார் வீட்டுக்கும் ஒங்கள கூப்பிட மாட்டோம்கா. கோவில்ல சொல்லிடுறேன்."

"சாவு வீட்டுக்குக் கூப்பிடலன்னு யாராச்சும் கோவிச்சுக்குவாங்களா தம்பி?" என்றார் மலர்க்கொடி.

திரும்பிச் செல்லக் கார் இல்லை. பேருந்தில் ஜாசினுக்கு வந்தோம். வழி முழுவதும் ஏடு அவர் மடியில் குப்புறக் கிடந்தது.

மறுநாள் சடலம் வீட்டுக்கு வந்தது. கோகுலராஜின் பந்தல் வரவில்லை. அண்டை வீட்டார் மோட்டார் வண்டிகளை அப்புறப்படுத்தி, ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டினார்கள். ஷங்கரே மருமகனைக் குளிப்பாட்டினார். தையல் ஓடிய இடத்தில் கையை வைக்காமல், மேலிருந்து நீரை மட்டும் வழியவிட்டார். தண்ணீர் குளிர்ந்துவிடக்கூடாதென்று, வாளியை மாற்றி மாற்றி வெந்நீர் கொண்டுவரச் சொன்னார். அதைப் பார்த்தவர்கள், உடல் அறுபட்டதைப் பற்றி அதன்பின் பேசவில்லை. சுசீலா கேட்டுக்கொண்டதால் மலர்க்கொடி படித்தார். யாரும் அடங்கவில்லை. சுசீலா ஓங்கி அழுதார். மலர்க்கொடி அந்த அழுகைக்கு மேலே படித்தார். படிப்பதற்கும் அழுவதற்கும் அங்கே இடம் இருந்தது.

ஆய்வறிக்கை வர ஏழு வாரம் ஆயிற்று. நெஞ்சில் நோயில்லை. நச்சு வாயுவும் காற்றின்மையும்தான் காரணம். அந்தத் தொட்டியைப் பூட்டி முத்திரையிட்டிருக்கிறார்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பவன், அறிக்கை வந்த மறுநாள் தானாகவே காவல் நிலையத்துக்குப் போய் வாக்குமூலம் தந்தான். கோகுலராஜ் இன்றும் நிர்வாகத் தலைவராகவே இருக்கிறார். சென்ற திருவிழாவில் மாலை அணிந்து முன்வரிசையில் அமர்ந்திருந்தார். ஆன்மாவின் அழிவின்மையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசவும் செய்தார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எழுபத்தாறு வயதில் அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அது போதாது என்பதும் எனக்குத் தெரியும்.

அந்த உபநிடதத்தின்மேல் எனக்குக் கோபமில்லை. அதை உணர்ந்து சொன்னவர்கள், காற்றில்லாத தொட்டிக்குள் ஓர் இளைஞனை இறக்கிவிட்டு, பிறகு அவன் தாயிடம் 'யாரும் கொல்லவில்லை' என்று சொல்வதற்காக அதைச் சொல்லவில்லை. அழியாத ஒன்று ஒவ்வோர் உடலுக்குள்ளும் இருக்கிறதென்றால், அந்த உடலைத் தொடுமுன் கை நடுங்க வேண்டும். நடுங்காத கையில் அந்த ஏடு இருக்கக்கூடாது. தோட்டங்களிலும் ஆலைகளிலும் நம் மக்கள் நடுங்காத கைகளிடமிருந்தே அதைக் கேட்டு வந்திருக்கிறார்கள். கேட்டு, கையெழுத்திட்டு, மூன்று மணிக்குள் எரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

கோவில்காரர்கள் அழைக்காவிட்டாலும் மக்கள் மலர்க்கொடியை அழைக்கிறார்கள். இப்போது அவர் ஏட்டை விரிக்குமுன் ஒரு கேள்வி கேட்கிறார்: "எப்படி எறந்தாங்க?" சென்ற மாதம் எண்பத்தொரு வயதுப் பெரியவர் ஒருவரின் வீட்டிலும் கேட்டார். மகன் சிடுசிடுத்து, "வயசாயிருச்சு, வேற எப்படி? தூக்கத்துலதான் லா" என்றார். "சரி தம்பி" என்று சொல்லிவிட்டுப் பாயில் அமர்ந்தார்.

அறிக்கை வந்த வாரத்தில் அவர் இன்னொரு காரியமும் செய்தார். பெத்தம்மாள் இப்போது சுங்கை ரம்பாயில் மகள் வீட்டில் இருக்கிறார். விசாரித்துத் தெரிந்துகொண்டு, பேருந்தில் தனியாகவே போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லக் கேட்டே எழுதுகிறேன்.

பெத்தம்மாள் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். மலர்க்கொடியை உடனே அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. மலர்க்கொடி நுழைவாயிலுக்கு வெளியே நின்றபடியே சொன்னார்: "எம் புருசன் கம்பியிலதான் அடிபட்டுச் செத்தாரு பெத்தம்மாக்கா. கை கருகியிருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் ஒங்க வீட்டுல வந்து படிச்சேன்."

பெத்தம்மாள் கையிலிருந்த சட்டையை உதறிக் கொடியில் போட்டார். கவ்விகளை மாட்டினார்.

"இருவத்தெட்டு வருசம் கழிச்சு வந்து சொல்றியா?"

"ஆமாக்கா."

"அந்த ஏட்ட கொண்டாந்திருக்கியா?"

"கொண்டாரல."

"நல்லதாப் போச்சு. கொண்டாந்திருந்தா இந்தக் கால்வாயில வீசிருப்பேன்."

வாளியை எடுத்துக்கொண்டு பெத்தம்மாள் உள்ளே போனார். கதவு சாத்தப்பட்டது. மலர்க்கொடி சிறிது நேரம் அங்கேயே நின்றார். பிறகு, வெயிலில் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்கி, பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தார்.

"இன்னொரு தடவ போவணும்" என்றார் என்னிடம். "திட்ட வேண்டியது இன்னும் பாக்கி இருக்கு அவங்களுக்கு."